சாப்பிடுவதைக் கேட்டோம், பூசுவதைக் கேட்கவில்லை: பினாங்கில் ஒரு சிறுநீரக நிகழ்வு ஆய்வு

முகத்துக்குப் பூசிய ஒரு கிரீமால் வந்த சிறுநீரக நோயைப் பற்றியது இது. 2023 ஜூன் முதல் 2024 செப்டம்பர் வரை பினாங்கில் நடந்தது. நான் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் ஆய்வுத் தாதி. அதற்கு முன் 9 வருடம் வார்டில் வேலை பார்த்தேன். மருந்தாய்வில் சேரத் தகுதியுள்ளவர்களைக் கண்டறிவது, ஒப்புதல் படிவத்தை அவரவர் மொழியில் விளக்குவது, நோயாளி சொல்வதைப் பிசகாமல் பதிவு செய்வது ஆகியவை என் வேலை. மூன்றாவதில் நான் தவறினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோயாளியின் பெயரையும் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் பெயரையும் விட்டுவிட்டேன். நேரில் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முழுவதையும் அவர் படித்துப் பார்த்த பிறகே வெளியிடச் சம்மதித்தார். ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னார் (தாதியை இங்கே 'மிஸ்ஸி' என்பார்கள்): "அந்தக் கிரீம் நல்லா வாசமா இருந்துச்சுன்னு எழுதுங்க மிஸ்ஸி. கெட்ட சாமான்னா நாத்தம் அடிக்கும்னுதானே எல்லாரும் நெனைப்பாங்க."

பின்னணி

அக்காவுக்கு அப்போது 44 வயது. பிறை தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். 12 மணி நேர சிஃப்ட், பெரும்பாலும் நின்றபடியே வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார். 19 வயதில் ஒரு மகள். 3 வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.8. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், அதற்கு மருந்து இல்லை.

2023 ஏப்ரலில் கால் வீங்க ஆரம்பித்தது. நின்றே வேலை செய்வதால் வீக்கம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அருகிலிருந்த தனியார் கிளினிக்கில் நீர் போகும் மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்தது. மே மாதக் கடைசியில் காலையில் எழும்போது கண் இமைகள் ஊதியிருந்தன, சிறுநீரில் நுரை நின்றது. அரசாங்கக் கிளினிக்கில் பட்டைச் சோதனை செய்தபோது புரதம் 3 பிளஸ். அங்கிருந்து எங்களுக்கு அனுப்பினார்கள். கடிதத்தில் 'நீரிழிவுச் சிறுநீரக நோயாக இருக்கலாம்' என்றிருந்தது.

அப்படி எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிப் பேருக்கும் மேல் நீரிழிவுதான் காரணம். நாள்பட்ட சிறுநீரக நோய் 2011-இல் மேற்கு மலேசியாவில் பெரியவர்களில் 9.07 விழுக்காட்டினருக்கு இருந்தது. 2018-இல் நாடளாவிய ஆய்வில் அது 15.48 விழுக்காடு. இந்தக் கூட்டத்தை நாள்தோறும் பார்க்கிற ஒரு கிளினிக்கில், இனிப்பு நீரும் சிறுநீரில் புரதமும் சேர்ந்து வந்தால் கை தானாகவே அந்த வரியை எழுதிவிடும்.

முதலில் கண்டவை

ஜூன் நடுவில் எங்கள் கிளினிக்கில் எடுத்த அளவுகள் இவை. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 7.8 கிராம். ரத்தத்தில் அல்புமின் லிட்டருக்கு 19 கிராம். கொழுப்பு 9.4 மில்லிமோல். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 62 மைக்ரோமோல். அதாவது வடிகட்டி ஓட்டை விழுந்து ஒழுகுகிறது, ஆனால் வடிகட்டும் வேகம் இன்னும் குறையவில்லை. சிறுநீரில் புரதம் ஒழுகி உடல் வீங்கும் இந்த நிலைக்குப் பெயர் நெஃப்ராட்டிக் நோய்க்குறி.

இது நீரிழிவால் வந்தது என்று எங்கள் சிறுநீரக நிபுணர் ஏற்கவில்லை. நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுப்பது மெதுவாக, பல ஆண்டுகளில். முதலில் துளி அல்புமின் கசியும், பிறகு படிப்படியாகக் கூடும். அக்காவுக்கு ஒரு வருடத்துக்கு முன் எடுத்த சிறுநீர்ச் சோதனை சுத்தமாக இருந்தது. கண்ணின் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்ததில் நீரிழிவின் அடையாளமே இல்லை. இரண்டே மாதத்தில் 7.8 கிராம் என்பது வேறு ஏதோ ஒன்றின் வேகம். லூபஸ், ஹெப்பாடைட்டிஸ் பி, சி, எச்ஐவி, சிஃபிலிஸ் எல்லாவற்றுக்கும் சோதித்தோம், ஒன்றும் இல்லை. பிஎல்ஏ2ஆர் எதிர்ப்பொருளும் இல்லை.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரியவர்களுக்கு வரும் நெஃப்ராட்டிக் நோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி. உடலின் எதிர்ப்பொருள்கள் சிறுநீரக வடிகட்டியின் சவ்வில் போய்ப் படிந்து அதைச் சேதப்படுத்துகின்றன. அவை எதைக் குறிவைக்கின்றன என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2009-இல்தான் பிஎல்ஏ2ஆர் என்ற புரதம் அந்த இலக்கு என்று கண்டுபிடித்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு அதுதான். அந்த எதிர்ப்பொருள் ரத்தத்திலேயே தெரிந்து, சிறுநீரகமும் நன்றாக வேலை செய்தால், பலருக்கு இப்போது சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியே தேவைப்படுவதில்லை. அக்காவுக்கு அது இல்லை. ஆகவே பயாப்சி செய்துதான் பார்க்க வேண்டும்.

பயாப்சி ஜூலை முதல் வாரம் நடந்தது. குப்புறப் படுக்கவைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு நூல் அளவுச் சதை எடுத்தார்கள். பிறகு 6 மணி நேரம் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். "சிஃப்டுல நிக்கிறதே தேவலாம்" என்றார் அக்கா. ரத்தக் கசிவு இல்லை. முதல் அறிக்கை 10 நாளில் வந்தது: மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி, திசுவிலும் பிஎல்ஏ2ஆர் இல்லை. ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளின் உட்பிரிவுகளின் முடிவு பின்னால் வரும் என்று குறிப்பு.

மருந்தாய்வுக்கு அழைத்தது

அந்தச் சமயம் மெம்ப்ரேனஸ் நோய்க்கான ஒரு பன்னாட்டு மருந்தாய்வு எங்களிடம் திறந்திருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லாமல் தானாக வந்த மெம்ப்ரேனஸ் நோயாளிகளுக்கு மட்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கும் ஆய்வு. திறந்து 7 மாதமாகியும் எங்கள் மருத்துவமனையில் ஒருவர்கூடச் சேரவில்லை. மாதாமாதம் வரும் கண்காணிப்பாளர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த அவசரம் எனக்குள் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆய்வுகள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. இன்று நாங்கள் தைரியமாகக் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் யாரோ கையெழுத்துப் போட்டு உள்ளே வந்ததால் கிடைத்தவை. 2019-இல் வெளியான மென்டர் ஆய்வில் 130 மெம்ப்ரேனஸ் நோயாளிகள் இருந்தார்கள். 24 மாத முடிவில், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இரண்டு மருந்துகளில் ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும் சைக்ளோஸ்போரின் பெற்றவர்களில் 20 விழுக்காட்டினரும் தணிவு நிலையில் இருந்தார்கள். நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு எம்ப்பாகிளிஃப்ளோசின் மருந்தைச் சோதித்த எம்ப்பா-கிட்னி ஆய்வில் 8 நாடுகளிலிருந்து 6,609 பேர் கலந்துகொண்டார்கள். அந்த 8-இல் மலேசியாவும் ஒன்று. நம் ஆட்களின் உடம்பில் ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது நம் ஆட்கள் சேர்ந்தால்தான் தெரியும்.

ஜூலை 24 அன்று அக்கா, கணவர், மகள் மூவரையும் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். "புது மருந்து கெடைக்கும்ல?" என்று கணவர் மூன்று முறை கேட்டார். எந்தப் பிரிவில் விழுவார் என்பதைக் கணினிதான் முடிவு செய்யும், டாக்டராலோ என்னாலோ மாற்ற முடியாது என்று மூன்று முறையும் சொன்னேன். அக்கா கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து 35 நாளுக்குள் எல்லாத் தகுதிச் சோதனைகளும் முடிய வேண்டும். கடைசி நாள் ஆகஸ்டு 28.

தகுதிப் படிவத்தில் 'இரண்டாம் நிலைக் காரணங்கள் விலக்கப்பட்டனவா' என்றொரு வரி, அதாவது நோய் வேறொன்றால் வரவில்லை என்று பார்த்தாயிற்றா என்பது. அதற்கு முன்னால், நோயாளி பயன்படுத்தும் மற்ற மருந்துகளின் பட்டியல். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், நான் தமிழில் கேட்பேன். கேட்டது இப்படி: "அக்கா, நாங்க குடுக்குறது இல்லாம வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, வலி மாத்திரை, சத்து மாத்திரை?" அவர் "இல்ல மிஸ்ஸி" என்றார். நான் 'இல்லை' என்று எழுதினேன். டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. தமிழில் மருந்தைச் சாப்பிடுகிறோம். மலாயிலும் 'மாக்கான் உபாட்' என்றுதான் சொல்கிறோம். வாய்க்குள் போகாத ஒன்றை அந்தக் கேள்வி தொடவே தொடாது.

நோயியல் நிபுணரின் அழைப்பு

ஆகஸ்டு 7 அன்று நோயியல் நிபுணர் எங்கள் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தார். அறிக்கையை அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம், ஆனாலும் அழைத்தார். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் செயல் அது. தானாக வரும் மெம்ப்ரேனஸில் பெரும்பாலும் ஐஜிஜி4 தூக்கலாக இருக்கும். இதில் ஐஜிஜி1 தூக்கலாக இருக்கிறது என்றார். படிவுகளும் வடிகட்டி முழுக்கப் பரவாமல் அங்கங்கே துண்டு துண்டாக இருக்கின்றன. நெல்-1 என்ற புரதத்துக்கான சாயச் சோதனைக்கு வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்தார். முடிவு வர 5 வாரம் ஆகும்.

நெல்-1 என்பது 2020-ஐ ஒட்டி அடையாளம் காணப்பட்ட இன்னோர் இலக்குப் புரதம். அது தெரிந்தால் இரண்டு பக்கம் தேட வேண்டும். ஒன்று, உடலில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று. இன்னொன்று, பாதரசம். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் நெல்-1 மெம்ப்ரேனஸ் வருவதை 2022-இல் வேலூர் மருத்துவர்கள் வெளியிட்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்த மருந்தை நிறுத்தியதுமே நோய் தணிந்தது. இதை நம் மக்கள் சிகிச்சைக்குப் போகும் ஊரிலிருந்தே எழுதியிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இனி நேரத்துக்கும் எங்களுக்கும்தான் போட்டி. ஆகஸ்டு 28-க்குள் சேர்த்துவிட வேண்டும், நெல்-1 முடிவு செப்டம்பர் நடுவில்தான் வரும். பிஎல்ஏ2ஆர் இல்லாதவர்களையும் சேர்க்க ஆய்வு விதிகள் அனுமதித்தன, அதுவரை எடுத்த சோதனைகளின்படி காரணம் எதுவும் தெரியவுமில்லை. காகிதத்தில் பார்த்தால் சேர்ப்பதில் தவறில்லை. டாக்டர் சேர்க்கவில்லை. அவர் சொன்ன காரணத்தை அன்றே குறித்து வைத்தேன்: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை ஒளிந்திருக்கும் புற்றுநோய்க்கு மேல் கொடுத்தால் அது நோயாளிக்கு ஆபத்து. பாதரசத்துக்கு மேல் கொடுத்தால், காரணம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், நாம் மருந்தைக் குற்றம் சொல்லுவோம். ஆய்வின் முடிவும் கெடும். பிறகு என்னிடம், "வாயில போடுறது, குடிக்கிறது, பூசுறது, மோந்து பார்க்கிறது, எல்லாத்தையும் முதல்லேர்ந்து கேளுங்க" என்றார்.

மறுபடி கேட்டது

ஆகஸ்டு 10. ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தோம். அக்கா வெறும் வயிற்றோடு வந்திருந்தார், ரத்தம் எடுத்த பிறகு மைலோ வாங்கிக் கொடுத்தேன்.

"சாப்பிடுற மருந்து?"

"நீங்க குடுத்ததுதான்."

"கசாயம், சூரணம், செந்தூரம்?"

"எங்கம்மா இருந்த வரைக்கும் நெலவேம்பு குடிப்போம். இப்ப யாரு காய்ச்சுறா."

"மலாய் மூலிகை மருந்து, ஜாமு?"

"இல்ல."

"தலையில, ஒடம்புல, மூஞ்சியில பூசுறது?"

"தேங்காண்ணெய். அப்புறம் மூஞ்சிக்குக் கிரீம். அது மருந்து இல்லையே மிஸ்ஸி."

மைலோ குடிக்க மாஸ்க்கைக் கீழே இறக்கியிருந்தார். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு மாதமாக எங்களிடம் வருகிறார், ஒவ்வொரு முறையும் மாஸ்க்கோடுதான். கன்னமும் தாடையும் ஒரு நிறம், காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் வேறு நிறம். தாடை எலும்பை ஒட்டிக் கோடு போட்ட மாதிரி அந்த மாற்றம் தெரிந்தது. கைகள் கழுத்தின் நிறத்திலேயே இருந்தன.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். 14 மாதம். கூட வேலை செய்யும் தோழி விற்கிறாராம். ஒரு டப்பா 35 வெள்ளி (ரிங்கிட்), இரண்டாக வாங்கினால் 60. முதலில் இரவில் மட்டும் போட்டிருக்கிறார். 2023 ஜனவரியில் நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு முன்னால் காலையும் இரவும் என்று ஆக்கியிருக்கிறார். வேலையிடத்தில் 'சிவந்துட்டியே' என்று சொன்னதில் விடவில்லை. வீக்கம் ஏப்ரலில் வந்தது. மகளும் 5 மாதமாகப் போடுகிறாள்.

மறுநாளே டப்பாவைக் கொண்டு வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி, உள்ளே வெளிர் மஞ்சளில் பசை. மூடியைத் திறந்ததும் ரோஜாப்பூ வாசம். தயாரிப்பாளரின் முகவரி இல்லை. மலேசியாவில் விற்கும் ஒவ்வோர் அழகுசாதனப் பொருளும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட்டு, என்ஓடி என்று தொடங்கி கே என்று முடியும் எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணும் இல்லை.

பாதரசம் தோலை வெளுக்கவைப்பது எப்படி என்றால், நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை அது முடக்குகிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. புது விஷயமே அல்ல. பாதரசக் கிரீம் போட்ட பெண்களுக்கு நெஃப்ராட்டிக் நோய் வந்ததை 1972-இலேயே நைரோபி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். இங்கேயும் ஒழுங்குமுறை முகமை பாதரசம் கண்ட கிரீம்களைப் பெயர் சொல்லித் தடை செய்துகொண்டேதான் இருக்கிறது. அந்த அறிவிப்புகளை நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் படிவம் நிரப்பும்போது எனக்கு நினைவு வரவில்லை.

அக்கா அழுதார். "நானே எனக்கு வெச்சுக்கிட்டேனா?" என்றார். மாநிறத்தில் பிறந்த ஒரு பெண் பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாணப் பந்தல் வரை என்னென்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும், நானும் அதே நிறம்தான். "35 வெள்ளி கொடுத்து வாங்குனப்ப உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு யாரும் சொல்லலக்கா" என்றேன். வேறு சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

எடுத்த முடிவுகள்

கிரீம் அன்றே நிறுத்தப்பட்டது. வேலையிடத்தில் பாதரசம் கையாளும் இடம் உண்டா என்று விசாரித்தோம், அவர் இருக்கும் பிரிவில் இல்லை. ஆகஸ்டு 24 அன்று சிறுநீர்ப் பாதரச முடிவு வந்தது: லிட்டருக்கு 148 மைக்ரோகிராம். ஆய்வகம் குறித்திருந்த மேல்வரம்பு 20. மறுநாள் மருந்தாய்வுப் பதிவேட்டில் 'தகுதி பெறவில்லை, இரண்டாம் நிலைக் காரணம் உண்டு' என்று எழுதி மூடினோம். முதலில் நான் 'இல்லை' என்று எழுதியதை அழிக்கவில்லை. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தம், தேதி, கையொப்பம், காரணம். ஆய்வு ஒழுங்கு அப்படி.

செப்டம்பர் 13 அன்று நெல்-1 சாயம் நேர்மறை என்று வந்தது. பாதரசம் தெரிந்துவிட்டதே, புற்றுநோயை எதற்குத் தேட வேண்டும் என்று மகள் கேட்டாள். ஒரு காரணம் கிடைத்ததால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது. மேமோகிராம், மார்பு முதல் இடுப்பு வரை சிடி, பாப் ஸ்மியர், கொலோனோஸ்கோப்பி எல்லாம் செய்தோம். எதிலும் ஒன்றும் இல்லை.

பெரிய முடிவு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுக்காமல் இருப்பது. 7.8 கிராம் புரதம் ஒழுகும் ஒருவரை 'பொறுத்துப் பார்ப்போம்' என்று வைத்திருப்பது எளிதல்ல. கணவர் கோபப்பட்டார், அது நியாயமான கோபம்: "இவ்வளவு வீங்கிக் கெடக்கா, நீங்க மருந்து குடுக்க மாட்டேங்கிறீங்க." டாக்டர் எல்லையை எழுதிக் காட்டினார். கிரியேட்டினின் ஏறினாலோ, 6 மாதத்தில் புரதம் பாதியாகக் குறையாவிட்டாலோ ரிட்டுக்சிமாப் பற்றிப் பேசுவோம். அதுவரை ரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் குறைக்க டெல்மிசார்ட்டான், நீர் போக ஃப்ரூசமைட், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், உப்புக் குறைப்பு.

பாதரசத்தை வெளியேற்றும் டிஎம்எஸ்ஏ மருந்தைப் பற்றியும் யோசித்தோம். தேசிய விஷ மையம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டாக்டர் அங்கே கலந்து பேசினார். கை நடுக்கம், மறதி, மரத்துப்போதல் போன்ற நரம்புக் கோளாறு எதுவும் அக்காவுக்கு இல்லை, சிறுநீரகமும் நன்றாக வடிகட்டுகிறது. கிரீமை நிறுத்தினாலே சிறுநீர்ப் பாதரசம் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே கொடுக்க வேண்டாம், அளவை மட்டும் தொடர்ந்து பார்ப்போம் என்று டாக்டர் முடிவு செய்தார்.

ரத்தக்கட்டுதான் உடனடிப் பயம். மெம்ப்ரேனஸ் நோயில் அல்புமின் 25-க்குக் கீழே போனால் கால் ரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அக்காவுக்கு 19. பயாப்சிக் காயம் ஆறும்வரை ஒரு வாரம் பொறுத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை ஜூலையிலேயே தொடங்கியிருந்தோம். அதைத் தொடர்ந்தோம்.

பின்னர் நடந்தவை

முதல் இரண்டு மாதம் எதுவும் நகரவில்லை. அக்டோபரில் புரதம் 6.1 கிராம், அல்புமின் 22. கணவர் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிட்டார். டிசம்பரில் 2.9 கிராம், அல்புமின் 29, பாதரசம் 35. 6 மாதக் கெடு முடிவதற்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்தத் தாளை டாக்டரிடம் கொடுக்க மாடிப்படியில் ஏறியதைவிட வேகமாக நான் எப்போதும் ஏறியதில்லை.

2024 ஜனவரி 25 தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார் அக்கா. வார்ஃபரின் சாப்பிடும்போது வெறுங்காலோடு அந்தத் தார்ச்சாலையில் நடக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு அந்த வாரம் சரியாக இருந்தது. அலகு எதுவும் கூடாது, கால் புண்ணானால் உடனே வர வேண்டும், வெயில் ஏறும் முன் மலை ஏறிவிட வேண்டும் என்று சொல்லி டாக்டர் சம்மதித்தார். விரதம் இருந்ததில் உப்பும் குறைந்தது. பிப்ரவரியில் அல்புமின் 32 ஆனதும் வார்ஃபரினை நிறுத்தினோம்.

ஏப்ரலில் புரதம் 0.9 கிராம். 2024 செப்டம்பரில், கிரீமை விட்டு 13 மாதம் கழித்து, 0.2 கிராம், அல்புமின் 41. முழுத் தணிவு. கிரியேட்டினின் கடைசிவரை 60-களிலேயே இருந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து ஒரு துளிகூடக் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் 2024-இல் கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள் எழுதிய கட்டுரையை டாக்டர் எனக்குக் காட்டினார். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்கள் பார்த்த மெம்ப்ரேனஸ் நோயாளிகள் 22 பேர். அதில் நெல்-1 உள்ளவர்கள் 15. அந்த 15-இல் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் போட்டவர்கள். அக்காவிடம் சொன்னேன். "அப்ப நான் மட்டும் இல்ல" என்றார்.

மகளுக்குச் சிறுநீரில் புரதம் இல்லை, ஆனால் பாதரசம் 46. அவளும் நிறுத்தினாள், 6 மாதத்தில் 20-க்குக் கீழே வந்தது. கிரீம் போடாத கணவருக்கும் 11 இருந்தது. ஒரே துண்டு, ஒரே தலையணை. உறைகளை மாற்றச் சொன்னோம். டப்பாவைக் குப்பையில் போட வேண்டாம் என்றும் சொல்லி, அக்காவின் சம்மதத்தோடு மருந்தக அமலாக்கப் பிரிவுக்கு அனுப்பிவைத்தோம். அழகுசாதனத்தில் பாதரசத்துக்கு ஆசியான் விதி வைத்திருக்கும் வரம்பு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

மாற்றியவை

எங்கள் பணித்தாளில் 'மருந்து' என்ற ஒற்றைக் கேள்வியை எடுத்துவிட்டேன். ஆய்வு நிறுவனத்தின் படிவத்தில் நாங்கள் கைவைக்க முடியாது. நோயாளி கையில் கொடுக்கும் தாளை மாற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆனால் நான் எப்படிக் கேட்கிறேன் என்பதைக் குறிக்கும் பணித்தாள் எங்களுடையது. இப்போது அதில் தமிழிலும் மலாயிலும் தனித்தனி வினைச்சொற்கள் இருக்கின்றன: சாப்பிடுவது, குடிப்பது, பூசுவது, கண்ணில் இடுவது, நாக்கில் தடவுவது, புகை பிடிப்பது, ஊசி போட்டுக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிய பிறகே அடுத்ததற்குப் போகிறேன். பொருளைப் பையோடு கொண்டுவரச் சொல்கிறேன். மாஸ்க்கைக் கழற்றி முகத்தையும் கழுத்தையும் ஒரு முறை பார்க்கிறேன்.

நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்கும்போது குரலில் குற்றஞ்சாட்டும் தொனி வரக்கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசம் அடங்கிய தாது) சேர்ந்த செந்தூரம் எது, வெறும் மூலிகைக் கசாயம் எது என்று நோயாளிக்கே பிரித்துத் தெரியும். 'நாட்டு மருந்தா' என்று முகம் சுளித்தால் இரண்டையும் சேர்த்து மறைத்துவிடுவார்கள்.

பிஎல்ஏ2ஆர் இல்லாத மெம்ப்ரேனஸ் என்றால் நெல்-1 சாயத்தையும் சிறுநீர்ப் பாதரசத்தையும் டாக்டர் இப்போது முதல் வாரத்திலேயே கேட்கிறார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அதற்குப் பிறகுதான். அந்த மருந்தாய்வில் எங்கள் முதல் நோயாளி 2024 மார்ச்சில் சேர்ந்தார், முந்தைய கண்காணிப்பாளர் எதிர்பார்த்ததைவிட வெகு தாமதமாக.

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். உட்கார்ந்து செய்யும் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முகமும் கழுத்தும் மறுபடி ஒரே நிறம். கிரீம் விற்ற தோழியின் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தத் தோழியின் கால் வீங்கியிருப்பதாகச் செப்டம்பரில் வந்தபோது சொன்னார். ஒரு சிறுநீர்ப் பாட்டிலையும் கிளினிக் எண்ணையும் அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்வரை பாட்டில் திரும்பி வரவில்லை.